முதுகுக்குப் பின்னால ரெண்டு பேரு

இஞ்ச இரிங்க அண்ணாச்சி. ஜன்னல் பக்கம் நீங்களே எடுத்துக்கிடுங்க, எனக்கு வேண்டாம். நான் பஸ்ஸுல ஏறுனா முன்னால உள்ள கண்ணாடியத்தான் பாத்துட்டு இருப்பேன். திருவனந்தபுரந்தானே? நானும் அங்கதான், தம்பானூரு. நீங்க மவளுக்க வீட்டுக்கா? நல்லது, நல்லது. ஒண்ணர மணிக்கூறுல போயிரலாம். பாலராமபுரத்துல பிளாக் ஆச்சுன்னா மட்டும் கெதி கெட்டுப் போவும். பதினொரு மணிக்கு நான் அங்க நிக்கணும்.

குடையா? கொண்டு வரல்ல. பாத்தியளா, இப்பம் பாத்து ஊத்துது. வாசல்லதான் சாத்தி வச்சிருந்தேன், மறந்துட்டு இறங்கிட்டேன். எனக்க பெஞ்சாதி பிரின்ஸி கண்டிருப்பா. ஆனா கூப்பிட மாட்டா. நாங்க கடக்கரைக்காரங்க, தோமையார்துறை. ஒரு காரியத்துக்குப் பொறப்பட்ட ஆளைப் பின்னால நிண்ணு கூப்பிடப்பிடாது, பொறப்பட்டவனும் திரும்பிப் பாக்கப்பிடாது. வள்ளம் தள்ளுன பெறகு எங்கப்பா கரையத் திரும்பிப் பாத்து நான் கண்டதில்ல. அம்மையும் கடலுக்கு முதுகக் காட்டிட்டுத்தான் நிப்பா. எனக்க சித்தப்பா ஒருத்தரு, யாரோ கூப்பிட்டாங்கன்னு ஒருநாளு திரும்பிப் பாத்துட்டாரு. அண்ணைக்கே வள்ளம் அலைல மறிஞ்சு. அய்யோ, சாவல்ல, இப்பமும் இருக்காரு, மூணு நேரமும் நல்லா சாப்பிடுதாரு. வலை போச்சு. அது போதாதா?

எதுக்குச் சொல்ல வாறேன்னா, இந்த ஒரு பழக்கத்த வச்சித்தான் ஒரு ஸ்பெயின்காரன் எனக்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டான். மரியாதை கொறையுது, இல்லியா? கோவத்துல அப்பிடி வந்துரும். போட்டாரு. ரமோன் சாரு. ரமோன் ஒலாயா. ஃபுட்பால் கோச்சு. அவரப் பாக்கத்தான் இப்பம் போறேன்.

வேலைக்குத்தான். ஒளிச்சு வைக்க என்ன இருக்கு? அங்க அவரு புதுசா ஒரு அகாடமி தொடங்குதாரு. ஜூனியர் டீமுக்கு ஒரு அசிஸ்டன்ட் கோச்சு வேணும், கிளீட்டஸ வரச் சொல்லுன்னு சொல்லி விட்டிருக்காரு. கிளீட்டஸ் நான்தான். வள்ளத்துக்க எஞ்சின் ரிப்பேர் பாக்கேன். மண்ணெண்ண மணக்குது, இல்லியா? குளிச்சிட்டுத்தான் வந்தேன், அது போவாது. ஊருல நம்ம கோயில் பங்கு டீமுக்கு ஒம்பது வருசமா நான்தான் கோச்சு. கப்பா? ஒம்பது வருசமும் ரெஃபரி சரியில்ல அண்ணாச்சி.

பதினோரு வருசம் முன்னால எனக்கு இருபத்திரண்டு வயசு. சென்னையில கொண்டல் எஃப்.சி.ன்னு ஒரு கிளப். இப்பம் இல்ல, மூடிட்டாங்க. அதுல எங்க ஊருல இருந்து ரெண்டு பேர எடுத்தாங்க. போஸ்டுல கோலியா நிக்க ஜெரோன், மிட்ஃபீல்டுக்கு நான். ஜெரோனும் நானும் ஒரே தெரு, ஒரே நாளு ஞானஸ்நானம். அவங்க வீட்டுல மீன்குழம்பு வச்சா எனக்கும் சேத்துத்தான் சோறு வடிப்பாங்க. அப்பிடி இருந்த ஆளு. இப்பம் அவன்ட்ட நான் பேசி பதினோரு வருசம் ஆவுது. அதுக்கு வாறேன்.

நாங்க போன அந்த சீசன்லதான் ரமோன் சாரு வந்து இறங்குனாரு. ஸ்பெயின்காரரு, ஸ்பெயின்ல பெரிய பிளேயருன்னு மேனேஜரு சொன்னாரு. நாங்களும் ஆசையோட இருந்தோம். வந்து நிண்ணாரு. கட்டையா ஒரு மனுசன், தலையில முடி கம்மி, ஒரு காலு லேசா இழுக்கும். எங்க டீமுல ஒருத்தன், ‘சார், நீங்க மொத்தம் எத்தனை கோல் அடிச்சிருக்கிய?’ன்னு கேட்டான். சாரு விரல மடக்கி எண்ணுதாரு. எண்ணிட்டுச் சொன்னாரு, பதினாலு வருசத்துல மூணு.

மூணு அண்ணாச்சி! நான் ஒரு கிறிஸ்மஸ் டோர்னமென்டுல நாலு அடிச்சிருக்கேன். அதுல ஒண்ணு தலையால.

அவரும் கடக்கரைக்காரருதான் கேட்டியளா. வடக்க எங்கியோ ஒரு துறை, அவருக்க அப்பா நெத்திலி பிடிக்கப் போன ஆளு. எங்க ஊருலயும் நெத்திலிதான். அத விட்டா அவருக்கும் எனக்கும் ஒரு ஒத்துமையும் கிடையாது. பதிமூணு வருசம் ரெண்டாம் டிவிஷன்ல, நடு மைதானத்துல நிண்ணுட்டே இருந்திருக்காரு. பந்து வரும், கொடுப்பாரு. வரும், கொடுப்பாரு. ‘நான் ஆடுனத ஆருமே கவனிக்கல்லன்னா அண்ணைக்கு நான் நல்லா ஆடியிருக்கேன்னு அர்த்தம்’னு பெருமையாச் சொல்லுவாரு. இதெல்லாம் ஒரு பெருமையா? எங்க ஊருல ஆரும் கவனிக்காத ஆளுக்கு அடுத்த மேச்சுல சட்டையே கிடைக்காது.

முப்பத்தொண்ணு வயசுல ஒரு பெரிய டீம் அவரக் கூப்பிட்டிருக்கு. முதல் டிவிஷன். முதல் மேச்சு. ஊரே பஸ்ஸு பிடிச்சுப் பாக்க வந்திருக்கு. பதினோராவது நிமிசம், இவருக்குப் பந்து வருது. பின்னால ஆளு வாறதப் பாக்கல்ல. வந்தவன் ஏறி அடிச்சதுல கால்முட்டு போச்சு. அவ்வளவுதான், ஆட்டம் முடிஞ்சுது. பெறகு சின்னப் பிள்ளைங்களுக்குக் கோச்சு, பெறகு எங்கெல்லாமோ வெளிநாடு, ஒரு எடத்துலயும் ரெண்டு வருசம் தங்கினதில்ல, கடைசில சென்னை. முதல் நாளே பேன்ட மடக்கி விட்டு அந்த முட்டக் காட்டுனாரு. மேலருந்து கீழ வரைக்கும் தையலு. ‘இதுதான் எனக்க சர்டிபிகேட்’ன்னாரு. அடி வாங்குனவன் பயப்படுவான், அது ஞாயம். ஆனா அவருக்க பயத்த எங்க தலையில எதுக்குக் கட்டணும்?

கட்டுனாரு. அவருக்க ட்ரெய்னிங் என்னன்னு சொல்லுதேன், பாறசாலை வந்துட்டுது, இனி வண்டி கொஞ்சம் வேகமாப் போவும். நான் நடுவுல, எங்க போஸ்டப் பாத்துட்டு நிக்கணும். போஸ்டுல ஜெரோன். அவன் பந்த எனக்கு உருட்டி விடுவான். எனக்க முதுகுக்குப் பின்னால ரமோன் சாரு ரெண்டு அட்டை வச்சிட்டு நிப்பாரு. சிவப்பு அட்டையத் தூக்குனா பின்னால ஆளு இருக்குன்னு அர்த்தம், பந்த வந்த வழியே திருப்பிக் கொடுக்கணும். மஞ்சன்னா சைடுல கொடுக்கணும். ஒரு அட்டையும் தூக்கல்லன்னா பின்னால ஆருமில்ல, பந்தோட திரும்பி முன்னால ஓடணும். பந்து காலுக்கு வருகதுக்கு முன்ன கழுத்தத் திருப்பிப் பாத்து, என்ன அட்டைன்னு சத்தமாச் சொல்லணும். தெவசம் நூறு தடவ.

எனக்குக் கழுத்து திரும்பாது அண்ணாச்சி. சொல்லுகதுக்கு என்ன, சத்தியமாத் திரும்பாது. பந்து வருது, நான் ஒரு காரியத்துல இறங்கியாச்சு, இனி என்ன பின்னால பாக்கது? மனசு ஒத்துக்கிடாது. முதல் வாரம் நான் குத்துமதிப்பாச் சொன்னேன். சிவப்புன்னா மஞ்சளா இருக்கும், மஞ்சன்னா ஒண்ணும் இருக்காது. சாரு வைய மாட்டாரு. அதுதான் எனக்குப் பிடிக்காது. ‘ஒன்ஸ் மோர்’ம்பாரு. வெயில்ல நிண்ணு நொண்டிட்டே ‘ஒன்ஸ் மோர், கிளீட்டஸ்’. நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தா அண்ணைக்கே தீந்திருக்கும்.

அப்பந்தான் நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். மூளை, அண்ணாச்சி, மூளை வேணும். ஜெரோன் எனக்க முன்னாலதானே நிக்கான்? பின்னால உள்ள அட்டை அவனுக்கு நல்லாத் தெரியும். சிவப்புன்னா வலது காதப் பிடி, மஞ்சன்னா இடது காது, ஒண்ணும் இல்லன்னா ரெண்டு காதையும் பிடின்னு சொல்லி வச்சேன். நான் சும்மா கழுத்த ஒரு வெட்டு வெட்டுவேன், பாத்த மாதிரி. கண்ணு ஜெரோனுக்க காதுல இருக்கும். ‘ரெட்!’ ‘எல்லோ!’ ‘நோபடி!’ நூத்துக்கு நூறு. சாருக்க மூஞ்சியப் பாக்கணுமே. ஓடி வந்து என்னக் கெட்டிப் பிடிச்சிட்டாரு. அவருக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. பதினாலு வருசம் மிட்ஃபீல்டு ஆடுனேன்னு சொன்ன மனுசன், ரெண்டு காதுல ஏமாந்தாரு. நாங்க ரெண்டு பேரும் ரூமுல வந்து உருண்டு உருண்டு சிரிச்சோம்.

அதுக்குப் பெறகுதான் கெட்ட காலம். என்னத் தூக்கி டீமுக்க நடுவுல போட்டாரு. அவரு ஆடுன அதே எடம். டிஃபன்ஸுக்கு முன்னால, எல்லாப் பந்தும் எனக்க வழியாத்தான் போவணும். எனக்கு அந்த எடம் வேண்டாம். முன்னால போயி கோலடிக்குத ஆளு நான். ‘ஓடாத, நில்லு. பாரு, கொடு’ம்பாரு. டீவில காட்டுன ஒரு மேச்சப் பாத்துட்டு ஊருலருந்து போன் வருது, கிளீட்டஸு கிரவுண்டுக்கு நடுவுல கரண்டு கம்பம் மாதிரி நிக்கானேன்னு. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்?

ஆனா ஒண்ணு உண்டு, உள்ளதச் சொல்லணும். நாங்க ஜெயிச்சோம். பதினாறு மேச்சுல பன்னிரண்டு. ஜெரோன் போஸ்டுல நிண்ணு காதப் பிடிப்பான், இல்லன்னா கத்துவான். ஆளு இல்லன்னா ‘சோலோ’ன்னு கத்தணும்னு சாரு படிச்சுக் கொடுத்திருந்தாரு. ஒனக்கப் பக்கத்துல ஆருமில்ல, ஒத்தைக்கு நிக்குதன்னு அவங்க பாஷையில அர்த்தம். இப்பிடிப் போயி கடைசி மேச்சு வரைக்கும் வந்தாச்சு. அத டிரா பண்ணுனாலே மேல் டிவிஷன். மேல போனா எல்லாருக்கும் மூணு வருசத்துக்குக் காண்ட்ராக்ட்டு. சாருக்கும்தான். தோத்தா கிளப்பே இருக்காதுன்னு முதலாளி வெளிப்படையாச் சொல்லிட்டாரு.

அந்த மேச்சுக்கு முந்தின நாளு ஜெரோன் என்னட்ட வந்து சொல்லுதான், ‘மக்கா, நாளைக்கு நான் காதப் பிடிக்க மாட்டேன். நீ திரும்பிப் பாரு.’ ஏம்லேன்னு கேட்டேன். ‘சாரு ஒன்ன நம்பி ஆடுதாரு. நாம அவரக் கள்ளத்தனமா ஏமாத்துதோம். எனக்கு ஒறக்கம் வரல்ல’ங்கான். பாத்தியளா? நாலு மாசமாக் காதப் பிடிச்சவனுக்குக் கடைசி மேச்சுக்குத்தான் ஞானோதயம். நான் நல்லா வஞ்சு விட்டேன். ‘எனக்கு எடம் கிடைச்சதுல ஒனக்குப் பொறாமை’ன்னு சொன்னேன். அவன் போயிட்டான். குதிரை கீழ தள்ளுனதும் இல்லாம குழியும் பறிச்சதாம், அந்தக் கதைதான்.

நெய்யாற்றின்கரையா இது? மழையில ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.

மேச்சுக்கு எங்க ஊருலருந்து நாப்பது பேரு வந்திருந்தாங்க. அப்பா, அம்மை, கோயில் சாமியாரு, எல்லாரும் கேலரில. எம்பத்தேழாவது நிமிசம் ஒண்ணுக்கு ஒண்ணு. இன்னும் மூணு நிமிசம் தள்ளுனாப் போதும். ஜெரோன் பந்த எனக்கு உருட்டி விட்டான். அவன் காதப் பிடிக்கல்ல. பிடிக்க மாட்டேன்னுதான் சொல்லிட்டானே. வாயால மட்டும் ‘சோலோ, சோலோ’ன்னு கத்துதான். முந்தின நாளு காலை வாருனவன் கத்துனா நான் நம்பணுமா? எனக்க முதுகுல ரெண்டு பேரு ஏறிட்டு நிக்கானுவ. ரெண்டு பேரு! அவனுவளுக்க மூச்சு எனக்க கழுத்துல படுது, இப்பமும் நெனைச்சா இந்த எடத்துல சூடு தெரியும். நான் என்ன செய்ய? வந்த பந்த வந்த வழியே திருப்பி அடிச்சேன். சிவப்பு அட்டைக்கு அதுதானே பாடம்? அடிச்சது நேரா போஸ்டுக்கு. அங்க நிக்க வேண்டிய கோலி எங்க? பந்த விட்டுட்டுச் சைடுல நாலஞ்சு அடி ஒதுங்கிப் போயி நிக்கான்! பந்து அது பாட்டுக்கு உருண்டு உருண்டு உள்ள போச்சு.

சென்னையில நான் அடிச்ச ஒரே கோலு அதுதான் அண்ணாச்சி. எங்க போஸ்டுல.

ஆமா, கோலி பந்து கொடுத்தா ஒதுங்கணும்னும், திருப்பிக் கொடுக்கவன் போஸ்டுக்கு வெளியதான் கொடுக்கணும்னும் சாரு சொல்லியிருந்தாரு. அதெல்லாம் பேப்பர்ல எழுதி வைக்கதுக்கு நல்லாத்தான் இருக்கும். ரெண்டு பேரு முதுகுல ஏறுனா பேப்பரா ஞாபகம் வரும்? அவன் அங்க நிண்ணிருந்தா காலால தடுத்திருக்கலாம். நிக்கல்ல. அதுதான் எனக்குப் பொறுக்கல்ல. கேலரில எங்கம்மை முந்தானையால மூஞ்சிய மூடிட்டா. 

மேச்சு முடிஞ்சு உள்ள வந்தோம். எல்லாவனும் அழுதானுவ. முதலாளி வாசல்ல நிண்ணு ஆரையோ போன்ல வையுதாரு. சாரு நேரா எனக்க பக்கம் வந்தாரு. நொண்டி நொண்டி வந்து எனக்க முன்னால முட்டு குத்தி உக்காந்தாரு, அந்தத் தையல் போட்ட முட்ட வச்சிட்டு. இண்ணைக்காவது நாலு வார்த்தை வையட்டும்னு நான் இருந்தேன். கேட்டது ஒண்ணே ஒண்ணு. ‘கிளீட்டஸ், ஒனக்குப் பின்னால ஆரு நிண்ணா?’

அதக் கேக்குத நேரமா அண்ணாச்சி? வீடு எரியும்போ பீடிக்குத் தீ கேட்ட மாதிரி! நான் ‘ரெண்டு பேரு’ன்னு சொன்னேன். அவரு எனக்க தோளுல ஒரு தட்டு தட்டிட்டுப் போயிட்டாரு. கிளப் மூடியாச்சு, அவரையும் அனுப்பியாச்சு. மறுநாளு பத்திரிகைல என்ன போட்டிருந்து தெரியுமா? ‘தோல்விக்கு நான் மட்டுந்தான் காரணம்’னு அவரே சொல்லியிருக்காரு. எனக்க பேரே இல்ல. அவரே ஒத்துக்கிட்டாரு! பெறகு என்னட்ட எதுக்கு அந்தக் கேள்வி?

நான் ஊருக்கு வந்தேன். ஜெரோன் எனக்க வீட்டுக்கு மூணு தடவ வந்தான். நான் கதவத் திறக்கல்ல. எனக்க கல்யாணத்துக்கு அவனக் கூப்பிடல்ல. அவங்கப்பா செத்தப்பம் நான் கோயில்ல கடைசி பெஞ்சுல இருந்துட்டு, மண்ணு போடப் போவாம வந்துட்டேன். அவன் வேற வேற கிளப்புல ஆடி, இப்பம் ரமோன் சாரு கூட கோலி கோச்சு. நல்லா இருக்கட்டும். நான் கார்பரேட்டர் கழுவுதேன்.

போன வாரம் அவன் பிரின்ஸிக்க போனுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கான். ‘சாரு அவன வரச் சொல்லுதாரு. வேலை இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேப்பாராம். கேள்வி அவனுக்குத் தெரியும்’னு. கூடவே ஒரு வீடியோ. அந்த மேச்சுக்க வீடியோவாம், ஆரோ கேலரிக்க மேல நிண்ணு எடுத்தது, இத்தனை வருசம் கழிச்சு அவனுக்குக் கிடைச்சிருக்கு. ‘பாத்துட்டு வரச் சொல்லுங்க மதினி’ன்னு எழுதியிருக்கான். பிரின்ஸி பாத்திருப்பா. பாத்தியான்னு கேட்டேன். ‘நீங்க பாருங்க’ன்னு எனக்க போனுல ஏத்தி விட்டா. ‘இந்த எஞ்சின் மணத்துல எத்தனை வருசம் இருப்பிய? போயி உள்ளதச் சொல்லுங்க’ன்னா.

நான் பாக்கல்ல. எதுக்குப் பாக்கணும்? முடிஞ்ச காரியத்தத் திரும்பிப் பாக்கது எனக்குப் பழக்கமில்ல. ரெண்டு பேருன்னு அண்ணைக்கும் சொன்னேன், இண்ணைக்கும் அதத்தான் சொல்லப் போறேன். மூஞ்சிக்கு நேரா. ‘சாரே, ரெண்டு பேரு நிண்ணானுவ, ஒம்ம கோலி போஸ்டுல நிக்கல்ல, என்னக் கொண்டு போயி வேண்டாத எடத்துல நிறுத்துனது நீரு.’ வேலை தந்தாத் தரட்டும்.

என்ன? நீங்க பாக்கணுமா? அதுக்கென்ன, நல்லாப் பாருங்க. எனக்கும் ஒரு சாட்சி ஆச்சு. இந்தாங்க. அந்த மூணாவது, ஆங், அத அமுக்குங்க. பாலராமபுரத்துல வண்டி நிக்குதது வரைக்கும் நேரம் இருக்கு. நீல சட்டை நாங்க. மஞ்ச சட்டை அவனுவ. நடுவுல நிக்கது நான், அப்பம் முடி நல்லா இருக்கும். ஜெரோன் பந்த உருட்டுகது வரும்போ பாருங்க. வந்தா? எனக்க பின்னால பாருங்க. ரெண்டு மஞ்ச சட்டை.

இல்லியா? நல்லாப் பாருங்க. ஃபோன் சின்னது, ஒங்களுக்குக் கண்ணாடி உண்டா? போட்டுப் பாருங்க. ஒருத்தன் உயரமா இருப்பான், ஒருத்தன் கட்டை. எனக்கு ஒட்டி.

என்ன சொல்லுதிய? ஆருமே இல்லியா?

அண்ணாச்சி, வெளையாடாதீங்க. அவனுவளுக்க மூச்சு நான் கேட்டேன். நிறுத்திட்டுப் பாருங்க, அப்பிடி விரலால நிறுத்தலாம். பக்கத்துல உள்ள மஞ்ச சட்டை எங்க நிக்கான்? நடு வட்டத்துலயா? அது எனக்கு அறுபது அடிக்கு மேல இருக்குமே. என்ன செய்யுதான்? குனிஞ்சு... ஷூவுக்க லேஸா கெட்டுதான்?

சவத்த விடுங்க. வீடியோவுல தூரம் சரியாத் தெரியாது. மேலருந்து எடுத்தா அப்பிடித்தான். சரி, ஆருமில்லன்னே வச்சிக்கிடுங்க. அத எனக்குச் சொல்ல வேண்டியவன் ஆரு? ஜெரோன்தானே? அவன் ஒழுங்கா ஒரு அடையாளம் காட்டியிருந்தா நான் திரும்பியிருப்பேனே. காட்டுனானா? அந்தப் பக்கம் பாருங்க, போஸ்டுல. அவன் என்ன செய்யுதான்னு பாருங்க. சைடுல ஒதுங்கிப் போறான், அது எனக்குத் தெரியும். கைய எங்க வச்சிருக்கான்?

அண்ணாச்சி. கைய எங்க வச்சிருக்கான்னு கேட்டேன்.

தாங்க இஞ்ச.

ரெண்டு காதையும் பிடிச்சிருக்கான். பந்த விட்டதும் ரெண்டு கையும் காதுக்குப் போவுது. பிடிச்சிட்டுக் குதிக்கான். மாட்டேன்னு சொன்னவன். ‘சோலோ’ன்னு கத்துதது இதுலயும் கேக்குது, நல்லாக் கேக்குது. நான் குனிஞ்சு பந்தப் பாத்துட்டு இருக்கேன். அவன நிமிந்தே பாக்கல்ல. எனக்க பின்னால... எவ்வளவு பெரிய கிரவுண்டு கெடக்கு. ஒரு ஆளு இல்ல. சும்மா திரும்பியிருந்தாப் போதும்.

இன்னொருக்கா போடுதேன். இருங்க.

ஆமா. ஷூ லேஸுதான் கெட்டுதான்.

 அந்த ஜன்னலக் கொஞ்சம் திறங்க. நனையட்டும், பரவாயில்ல.

அவங்கப்பாவுக்கு நான் மண்ணு போடல்ல அண்ணாச்சி. எனக்குச் சோறு போட்ட மனுசன். கோயில்ல ஜெரோன் திரும்பித் திரும்பிக் கடைசி பெஞ்சப் பாத்தான். நான் முன்னால பீடத்தப் பாத்துட்டு இருந்தேன்.

ரமோன் சாருக்கு அண்ணைக்கே தெரியும், இல்லியா? அவரு சைடுல நிண்ணு பாத்துட்டுத்தானே இருந்தாரு. ஆருமில்லன்னு தெரிஞ்சுதான் கேட்டிருக்காரு. நான் ரெண்டு பேருன்னு சொன்னேன், அவரு தட்டிட்டுப் போயிட்டாரு. காது விசயமும் தெரிஞ்சிருக்குமோ? ஜெரோன் குதிச்சத அவரும் கண்டிருப்பாரே. கண்டுட்டுத்தான் தப்பு என்னுதுன்னு பேப்பருக்குச் சொன்னாரா? என்ன மனுசன் அவரு. வஞ்சிருக்கலாம்லா! அண்ணைக்கே பிடிச்சு ஒரு அறை தந்திருக்கலாம்லா!

கரமனை தாண்டியாச்சா? இவ்வளவு சீக்கிரம் வந்துட்டானே இந்த டிரைவர், வேண்டாத நாளு பாத்துப் பிளாக்கும் இல்ல. மணி பத்தரை. இப்பம் நான் அங்க போயி என்ன சொல்லட்டு? ரெண்டு பேருன்னு சொல்ல இனி நாக்கு வராது. ஆருமில்லன்னு சொன்னா வேலை கிடைக்கும். ஆனா அத ஜெரோன் பக்கத்துல நிக்கும்போ சொல்லணும். ஆருமில்லன்னா பதினோரு வருசம் எனக்க வீட்டுக் கதவு எதுக்குச் சாத்திக் கெடந்துன்னு அவன் கேக்க மாட்டானா? கேக்க மாட்டான். அவன் கேக்க மாட்டான், அதுதான் கஷ்டம்.

அடுத்த வண்டியில திரும்பிப் போயிரலாமான்னு இருக்கு. போனா பிரின்ஸி வாசல்ல நிப்பா. குடையக் கையில வச்சிட்டு நிப்பா. ஒண்ணும் கேக்க மாட்டா, அவளும்.

தம்பானூரு வந்தாச்சு. இறங்குங்க, பாத்து, படி வழுக்கும். நான் ஒங்க பையப் பிடிக்கேன். இந்தக் கூரை ஷீட்டுக்க அடியில நில்லுங்க, ஒங்க குடைய விரிச்ச பெறகு போவலாம். ஒங்க மவளுக்க வீட்டுக்கு ஆட்டோ அந்தப் பக்கம்தான் கிடைக்கும். நான் இப்பிடியே...

கேட்டியளா? ஆரோ ‘கிளீட்டஸே’ன்னு கூப்பிடுதாங்க. பின்னாலருந்து.

அந்தத் தொண்டை எனக்குத் தெரியும். போஸ்டுக்க அடியில நிண்ணா கேலரி வரைக்கும் கேக்குத தொண்டை. நான் எந்த பஸ்ஸுக்கு வாறேன்னு பிரின்ஸி சொல்லியிருப்பா, மூதி.

நீங்க என்ன அண்ணாச்சி, எனக்க தோளுக்கு மேல பாத்துச் சிரிக்கிய? அவன் என்ன செய்யுதான்னா? வேண்டாம், சொல்லாதீங்க. அடுத்தவன் கண்ணால பாத்துப் பாத்துதான் நான் இந்தக் கெதிக்கு வந்தேன். இந்தப் பையப் பிடிங்க கொஞ்சம். நானே திரும்பிப் பாக்கேன்.